பல்லியை நம்பிப் போட்ட பணம்

ட்ச்... ட்ச்... ட்ச்.

நான் சிறுவனாக இருந்தபோது மலேசியாவில், மூவார் என்ற ஊரில் கேட்ட சத்தம். அப்பச்சி, என் அப்பா, அங்கே ஒரு கிட்டங்கியில் தொழில் பார்த்தார். கிட்டங்கி என்றால், செட்டியார்கள் வரிசையாகப் பெட்டி போட்டு உட்கார்ந்து வட்டிக்குக் கொடுக்கும் நீளமான கூடம். அப்பச்சிக்கு எதிரே ஒருவர் பாயில் உட்கார்ந்திருந்தார். பணம் கேட்டு வந்தவர். நெற்றியில் வியர்வை. அப்பச்சி இரும்புப் பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டார். சுவரில் எங்கோ ஒரு பல்லி கத்தியது. அடுத்த சத்தம், டங். பெட்டி மூடிக்கொண்டது.

"பல்லி சொல்லிருச்சு. நாளைக்கு வாங்க."

அவர் மறுநாள் வரவில்லை. யார், என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. அப்பச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். பல்லியும் போயிருக்கும். கிட்டங்கி இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். அந்த இரண்டு சத்தங்கள் மட்டும் என் காதில் குடியிருக்கின்றன. வாடகை தருவதில்லை. காலி செய்வதாகவும் இல்லை.

என் பெயர் உலகப்பன். பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில் நூல் கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசி நாளில் மாலை போட்டார்கள். பேனா கொடுத்தார்கள். அதன் பிறகு இ.பி.எஃப். பணம் வந்தது. வாழ்நாள் முழுவதும் சம்பளத்திலிருந்து பிடித்த பணம். அன்றே ஒரு சபதம் எடுத்தேன். ஓய்வு எனக்குத்தான். பணத்துக்கு இல்லை. அதை ஒரு நாள் கூடச் சும்மா இருக்க விட மாட்டேன்.

என் மனைவி கண்ணாத்தாளிடம் சொன்னேன். அவள் படித்தவள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். எதையும் ஒரு வரியில் திருத்திவிடுவாள்.

"பணம் சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாது. நீங்க சும்மா இருந்தாப் போதும்."

நான் கேட்கவில்லை. ஜெயபாலனைக் கூப்பிட்டேன்.

ஜெயபாலன், பலருடைய பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போடும் யூனிட் டிரஸ்டுக்கு ஏஜெண்ட். சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, சுயமாகப் படித்து முன்னேறியவன். வெள்ளைச் சட்டை. அவன் வருவதற்கு முன் அவனுடைய சென்ட் வந்துவிடும். "அண்ணே, மருத்துவ ஃபண்ட் பறக்குது" என்பான். போடுவேன். விழும். "அண்ணே, இப்ப டெக்னாலஜி லா" என்பான்; எங்கள் ஊர்ப் பேச்சில் எதற்கும் "லா" என்று ஒரு வால் உண்டு. மாறுவேன். விழும். பிறகு சீனா. பிறகு செம்பனை எண்ணெய். நான் ஏறும் லிஃப்ட் எல்லாமே கீழே இறங்கும் லிஃப்டாக இருந்தது. நான் வெளியே வந்து கதவு மூடியதும் அது மேலே போகும். ஒவ்வொரு முறையும் நுழைவதற்கு ஒரு கட்டணம். நான் ஃபண்ட் மாற்றினேன். அவன் கார் மாற்றினான்.

ஒரு நாள் கண்ணாத்தாள் காப்பியோடு வந்து எங்கள் இருவருக்கும் எதிரே உட்கார்ந்தாள். வகுப்பில் பின் பெஞ்சுக்காரர்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"ஜெயபாலா, காப்பி ஆறுது, குடி. எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளுங்க ஆச்சி."

"இந்த ஃபண்ட்ல யாரு உக்காந்து யோசிக்கிறா?"

"மேனேஜர் ஆச்சி. கோலாலம்பூர்ல கண்ணாடிக் கட்டடம். எந்தக் கம்பெனி நல்லதுன்னு பொறுக்கிப் பொறுக்கி வாங்குவாரு. ஆக்டிவ் ஃபண்ட்னா சும்மாவா லா."

"அவருக்கு யாரு சம்பளம் குடுக்கிறா?"

"நம்ம காசுலருந்து வருஷா வருஷம் கொஞ்சம் எடுத்துக்குவாங்க."

"யோசிச்சது தப்பாப் போச்சுன்னா?"

"அப்பவும் எடுத்துக்குவாங்க."

"உனக்கு?"

ஜெயபாலன் கோப்பைக்குள் எதையோ தேடினான். "எனக்கும் கொஞ்சம், ஆச்சி."

"ஆக, நஷ்டம் மட்டுந்தான் எங்களுக்கு முழுசா வருது."

"அலமாக்" என்றான் ஜெயபாலன்; மலாயில் ஐயையோ. காப்பி சுட்டதாகச் சொன்னான். அது எப்போதோ ஆறிவிட்டது.

கண்ணாத்தாள் என் பக்கம் திரும்பினாள். "சிங்கப்பூர்லேருந்து தர்ஷனா சொன்னா, இண்டெக்ஸ் ஃபண்ட்னு ஒண்ணு இருக்காம்." தர்ஷனா எங்கள் ஒரே மகள்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன். "அதுல யாரும் யோசிக்க மாட்டான். பட்டியல்ல இருக்கிற பெரிய கம்பெனி எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிப் போட்டுட்டுத் தூங்கிருவான். அது முதலீடா? எல்லாத்தையும் கலக்கிற ரொஜாக் சாலட்."

"அதனாலதான் கட்டணமும் கம்மி."

"தூங்குறவன்கிட்டக் காசைக் குடுக்கச் சொல்றியா?"

"முழிச்சிருந்தவன்கிட்டக் குடுத்தீங்களே, என்ன ஆச்சு? டுரியான் பழ சீசன்ல என்ன செய்வீங்க? தட்டிப் பாப்பீங்க. மோந்து பாப்பீங்க. காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாப்பீங்க. கடைக்காரனே பயந்துருவான். வீட்டுக்கு வந்து பொளந்தா என்ன இருக்கும்?"

நான் காப்பியை எடுத்துக் குடித்தேன்.

"சொல்லுங்க."

"புழு."

"பொறுக்கத் தெரியாதவருக்குத் தோட்டத்துல ஒரு பங்கு இருந்தாப் போதும். நல்ல பழமும் வரும், சொத்தையும் வரும். மொத்தத்துல பசியாறிரும்."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால்தான் எனக்குப் பயம்.

"பாதி கரைஞ்சிருச்சு. மிச்சமும் போனா இந்த வீட்டை வித்துட்டுத் தர்ஷனா வீட்டுக்குத்தான் போகணும். அங்க ஒரு ரூம் அவங்களுக்கு, ஒரு ரூம் பிள்ளைங்களுக்கு. நமக்கு ஹால்ல இருக்கிற சோபா. மாப்பிள்ளை புட்பால் பாத்து முடிக்கிற வரைக்கும் நாம உக்காந்துக்கிட்டே தூங்கணும்."

நான் நினைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அணி ஐரோப்பாவில் ஆடுகிறது. அங்கே மாலை என்றால் இங்கே நடுநிசி தாண்டிவிடும். கோல் விழும்போதெல்லாம் மாப்பிள்ளை துள்ளுவார். சோபாவும் துள்ளும். சோபாவோடு நாங்களும்.

இறங்கி வந்தேன். பணம் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போனது. ஆனால் முழுச் சரணாகதி இல்லை. கணக்கு என் பெயரில். கடவுச்சொல் என் மண்டையில். நல்ல வாய்ப்பு வந்தால் எந்த நாளும் ஒரு பொத்தானை அழுத்தி ஜெயபாலனின் ஃபண்டுக்கு மாறிவிடுவேன் என்று அறிவித்தேன்.

"மாறுங்க, தாராளமா" என்றாள். எனக்கே ஆச்சரியம். "ஒண்ணே ஒண்ணு. மாமா இருந்திருந்தா நேரம் பாக்காமப் பெட்டியத் தொறந்திருப்பாங்களா? நல்ல நேரம் பாத்து, பல்லி சொல்றதைக் கேட்டுச் செய்யுங்க. அவங்க ஆத்மா குளிரட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் அப்பச்சிமீது இவ்வளவு பக்தியா? அவர் உயிரோடு இருந்தபோது இருவரும் காப்பிக்கு எவ்வளவு சர்க்கரை என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. நெஞ்சு இளகி, தலையாட்டிவிட்டேன்.

நாள்காட்டி அடுக்களைச் சுவரில் தொங்கியது. காரைக்குடியில் அச்சடித்தது. அதன் எழுத்துகள் என் கண்ணுக்கு எறும்பு ஊர்வது போலத் தெரியும். ஆகவே அவள் பார்த்துச் சொல்வாள்.

"கண்ணாத்தா, இன்னைக்கு மாத்தலாமா?"

"செவ்வாக்கெழமை. வடக்கே சூலம். கோலாலம்பூர் எந்தப் பக்கம்?"

"வடக்க."

"அப்ப?"

"நாளைக்கு?"

"புதனுக்கும் வடக்கேதான் சூலம்."

வியாழக்கிழமை காலையிலேயே குளித்துவிட்டு நின்றேன்.

"இப்பக் குளிகை. குளிகையில ஒரு காரியம் செஞ்சா அது திரும்பத் திரும்ப நடக்கும். ஃபண்ட் மாத்துனா மாத்திக்கிட்டே இருப்பீங்க. ஏற்கெனவே அந்த வியாதிதான்."

"மத்தியானம்?"

"ராகு காலம்."

"நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்குமே?"

"அது நம்ம ஊரு மணிக்கு. காலண்டரு இந்தியாவுது. அங்க ரெண்டரை மணி நேரம் பின்னாடி. ரெண்டு கணக்கையும் பாக்கணும்ல?"

"எதுக்கு ரெண்டு? நாம இருக்கிறது மலேசியாவுல."

"ராகு எந்த ஊருக் கடிகாரம் கட்டியிருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. யாருக்குத்தான் தெரியும்?

வெள்ளிக்கிழமை அப்போது எங்கள் ஜொகூர் மாநிலத்தில் விடுமுறை. கோலாலம்பூரில் வேலை நாள். "காசு இருக்கிற ஊருல லீவு, காசு போற ஊருல வேலை. பாதி வழியில நின்னுருச்சுன்னா யாருகிட்டக் கேக்கிறது?" என்றாள். பிறகு மாநிலத்தில் வார விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றினார்கள். பத்து பாகாட் முழுவதிலும் அந்தச் செய்திக்கு மிக அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் நான்தான். எனக்கென்று ஒரு வெள்ளிக்கிழமையை அரசாங்கமே ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது!

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா லட்சுமிய வீட்டை விட்டு அனுப்புற ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்கிறேன்" என்றாள் கண்ணாத்தாள்.

சனி, ஞாயிறு சந்தைக்கே விடுமுறை. திங்கள் மட்டும் மிஞ்சியது. அதிலும் அஷ்டமி, நவமி, கரிநாள், என் ராசிக்குச் சந்திராஷ்டமம். எல்லாம் தப்பி, வால்நட்சத்திரம் போல எப்போதாவது ஒரு நல்ல திங்கள்கிழமை வரும். கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியைத் திறப்பேன். கடவுச்சொல்லை அடிப்பேன்.

ட்ச்... ட்ச்... ட்ச்.

முதுகுக்குப் பின்னால், அடுக்களைப் பக்கத்திலிருந்து. நான் அந்தப் பல்லியைப் பார்த்ததே இல்லை. கேட்டதுதான். கண்ணாத்தாளுக்குப் பல்லி என்றாலே உடம்பு கூசும். ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்து, கதவிடுக்கில் துணி வைத்து, சுவரில் துளை கண்ட இடமெல்லாம் சிமெண்டு பூசியவள். ஆனால் இந்த ஒரு பல்லியை மட்டும் அவள் விரட்டவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "மாமாவா இருந்தாலும் இருக்கும்."

எனக்கு மெய்சிலிர்த்தது. பெட்டியை மூடினேன். கைப்பேசியைத்தான் சொல்கிறேன்.

ஜெயபாலன் கூப்பிடுவான். "அண்ணே, ஏன் இன்னும் மாத்தல? இந்த மேனேஜர் போன வருஷம் பர்ஸ்ட்டு."

"பல்லி சொல்லிருச்சுப்பா."

"யாரு? எந்தக் கம்பெனி அண்ணே?"

இப்படியே ஆண்டுகள் போயின. பணம் போட்ட இடத்தில் கிடந்தது. நான் தினமும் புறப்பட்டேன். ஒரு நாளும் போய்ச் சேரவில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது.

இரவோடு இரவாக உலகச் சந்தை எல்லாம் சரிந்திருந்தது. திரை முழுக்கச் சிவப்பு. தொலைக்காட்சியில் ஒருவர் இன்னும் விழும் என்றார். இன்னொருவர் இது ஆரம்பம்தான் என்றார். ஜெயபாலன் போனில் கத்தினான். "அண்ணே, எல்லாத்தையும் வித்துருங்க. கீழ போனதும் திரும்ப வாங்கிக்கலாம். என் கஸ்டமர் எல்லாரும் வித்துட்டாங்க. நானும் வித்துட்டேன் அண்ணே."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

எனக்குச் சோபா தெரிந்தது. அதன் பச்சை நிறம், கிழிந்த ஓரம், எல்லாம். இந்த முறை நாள்காட்டியைக் கேட்கப் போவதில்லை. கண்ணாத்தாள் அடுக்களையில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு வெடிக்கும் சத்தத்தில் நான் நடப்பது கேட்காது. பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் விற்கும் பொத்தானை அழுத்தினேன். 'உறுதியாகவா?' என்று கேட்டது. கட்டைவிரலை 'ஆம்' மேல் கொண்டுபோனேன்.

ட்ச்! ட்ச்! ட்ச்! ட்ச்! ட்ச்!

இதுவரை கேட்டிராத வேகம். கதவுக்கு வெளியிலிருந்து. கடைசியில் லேசாக மூச்சு வாங்கியது போலக்கூட இருந்தது. வயதான பல்லி.

விரல் அந்தரத்தில் நின்றது. கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், சுவரைப் பார்த்துப் பேசினேன்.

"அப்பச்சி, எல்லாம் விழுதே. வித்துரட்டுமா?"

ட்ச்! ட்ச்! ட்ச்!

"விக்க வேணாமா?"

நிசப்தம்.

"இன்னும் விழுந்தா?"

பிறகு ஒரே ஒரு சத்தம், மிக மெதுவாக. ட்ச். அதற்கும் பதில் தெரியவில்லை என்பது போல.

கைப்பேசியை அணைத்தேன். கதவைத் திறந்தேன். கரண்டியோடு கண்ணாத்தாள் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்ன?" என்றேன்.

"உப்பு சரியா இருக்கான்னு பாக்கச் சொல்ல வந்தேன்."

அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு முறை உப்பு விழுந்திருந்தது.

சந்தை அந்த வாரம் இன்னும் விழுந்தது. கண்ணாத்தாள் சரியாகத் தூங்கவில்லை. என் குறட்டையால்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சந்தை விழுவது நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. விற்றவர்கள் மறுபடி வாங்கத் தைரியம் வராமல் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விழத் தொடங்கிய இடத்துக்கே சந்தை வந்து, அதையும் தாண்டியது. மேனேஜர்கள் யோசித்துக் கரைத்ததைக்கூட இந்த ரொஜாக் ஃபண்ட் ஈடுகட்டிவிட்டிருந்தது.

அடுக்களைக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வீட்டை விக்க வேணாம், கண்ணாத்தா."

கை நின்றது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே மழை வரும்போல் இருந்தது. அடுப்பில் சோற்றுப் பானையின் மூடி மட்டும் தடதடத்தது.

"அப்ப அந்த சோபா?"

"மாப்பிள்ளையே வச்சுக்கட்டும்."

சிரித்தாள். அவள் சிரிப்பை நான் கேட்டு எத்தனை காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இந்த முறை நல்ல லிஃப்ட்.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்து ஊரான குளுவாங்கில் ஒரு கல்யாணம். பந்தியில் என்னைச் சுற்றி ஒரு கூட்டம்.

"நீங்க மட்டும் எப்படிண்ணே விக்காம இருந்தீங்க?"

"பொறுமை" என்றேன். "தெளிவு. தன்னடக்கம். வாங்கணும், மறந்துடணும். சந்தை ஆடும்போது நாம ஆடக் கூடாது. என்னைப் பாருங்க, இத்தனை வருஷத்துல ஒரு பொத்தானைத் தொட்டிருப்பேனா?"

"மேனேஜரே இல்லாமயா?"

"ஏன் இல்ல? இருக்காரு. எங்க வீட்டுச் சுவத்துல. சம்பளம் கெடையாது. கொசுதான் சாப்பாடு."

எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் கண்ணாத்தாள் இலையில் குனிந்து பாயசத்தை மிகுந்த கவனத்தோடு வழித்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. புரையேறிவிட்டதோ என்று தண்ணீரை நகர்த்தி வைத்தேன்.

அதே பந்தியில்தான் ஜெயபாலனைப் பார்த்தேன். சென்ட் வாசனை இல்லை. யூனிட் டிரஸ்ட் வேலையை விட்டுவிட்டானாம். வாடிக்கையாளர்கள் முகத்தில் விழிக்க முடியவில்லையாம். இப்போது பூச்சி மருந்து அடிக்கும் தொழில். பாவமாக இருந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்து அடித்துவிட்டுப் போகச் சொன்னேன்.

அடுத்த வாரம் முதுகில் மருந்துக் குப்பியோடு வந்தான். வாசலிலேயே நிறுத்தினேன்.

"எறும்பு, கரப்பான், எதை வேணும்னாலும் அடி. அடுக்களைப் பக்கம் ஒரு பல்லி இருக்கு. அது மேல ஒரு சொட்டுப் படக் கூடாது. நான் இந்த வீட்டுல உக்காந்திருக்கிறதே அதனாலதான்."

"சரி அண்ணே. மொதல்ல அது எங்க இருக்குன்னு பாத்துக்கிறேன்."

டார்ச்சோடு போனான். அலமாரிக்குப் பின்னால் பார்த்தான். மின்விளக்குக்கு மேல் பார்த்தான். கூரைப் பலகையைத் தூக்கித் தலையை உள்ளே விட்டான். தொழிலில் சுத்தம். ஃபண்ட் தேடும்போது இவ்வளவு பார்த்திருந்தால் எங்கேயோ போயிருப்பான். கடைசியில் தூசி படிந்த தலையோடு வந்து நின்றான்.

"அண்ணே, கரப்பான் ரெண்டு இருக்கு. பல்லி இல்ல."

"ஒளிஞ்சிருக்கும்."

"ஒளிஞ்சாலும் எச்சம் போடும்ல? முட்டை ஓடு கெடக்கும்ல? ஒண்ணுமே இல்ல. ஆச்சி அடிச்சிருக்கிற வலைக்கு எறும்பே பாஸ்போர்ட் காட்டித்தான் உள்ள வரணும். சத்தியமாச் சொல்றேன், இந்த வீட்டுல பல்லி எப்பவுமே இருந்ததில்ல."

பாவம், இந்தத் தொழிலும் இவனுக்கு வராது என்று நினைத்துச் சிரிக்க வாயைத் திறந்தேன்.

ட்ச்... ட்ச்... ட்ச்.

ஜெயபாலனும் நானும் ஒன்றாகத் திரும்பினோம். அடுக்களை வாசலில் கண்ணாத்தாள் காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். நாக்கு அப்போதுதான் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஜெயபாலா, காப்பி ஆறுது, குடி" என்றாள்.

ஜெயபாலன் இப்போது குளுவாங் வரை போய் மருந்து அடிக்கிறான். மிச்சப்படுத்துவதை எல்லாம் இண்டெக்ஸ் ஃபண்டில் போடுகிறான். எப்போதாவது மாற்றத் தோன்றினால் கண்ணாத்தாளுக்குப் போன் செய்கிறான்; அவனுக்குப் போனிலேயே பல்லி சொல்லிவிடுகிறது.